மிஷினுக்குப் பெரட்டு வைத்த ஸ்டெல்லா மிஸ்

ராகலையிலிருந்து ரீட்டா கூப்பிட்டபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் மிச்சக் காசு தராத கண்டக்டரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஸ்டெல்லா அக்கா காலையில தவறிட்டாங்க" என்றாள். ரீட்டா அவருடைய கடைசித் தங்கை. என் முகம் போன போக்கைப் பார்த்துக் கண்டக்டரே, "ஏறி உக்காருங்க ஐயா, பெறகு பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயது போனவர்தான், நோயும் வருத்தமுமாக இருந்தவர்தான். என்றாலும் ஸ்டெல்லா மிஸ் ஒரு வேலையை முடிக்காமல் எழும்பிப் போனதை நான் பார்த்ததே இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கட்டும். நம் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து இப்படி ஒருத்தர் வந்தார் என்று தெரிந்துகொள்வது உடம்புக்கு நல்லது.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் ஹட்டன் காரியாலயத்துக்கு டைப்பிஸ்டாக வந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஐந்து தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் காரியாலயம்தான் பொறுப்பு. நான் அங்கே கிளார்க். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர் என்பதை அவர் மறைக்கவும் இல்லை, சொல்லிச் சொல்லி அனுதாபம் தேடவும் இல்லை. பருத்திச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டுவார். யாராவது, "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. திமிர் இருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அவர் ஒருத்தரே வைத்திருந்த திமிர் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நடு அறையில் ஒரே ஒரு மிஷின். அதிலிருந்து வயர் இழுத்து ஐந்து மேசைகளில் ஐந்து திரைகள், தொழிற்சாலைக்கு ஒன்றாக. பெரிய மிஷின் தன்னைத்தானே பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு திரைக்கும் தனி மிஷின் மாதிரி நடந்துகொள்ளும். இப்போதைய பிள்ளைகள் இதை மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் அன்று இது விளங்கவில்லை. கூட வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து முடித்த ஸ்டெல்லா மிஸ் மட்டும் சிரித்தார். "இதுல என்னங்க வெளங்காம இருக்கு? இது நம்ம லயம். ஒரே கூரை, வரிசையா காம்பரா. ஒவ்வொரு காம்பராவுலயும் தனி அடுப்பு, தனிச் சமையல். ஒரு அடுப்பு அணைஞ்சா அடுத்த காம்பராவுல கொழம்பு கொதிக்காம இருக்குமா?" என்றார். அன்றோடு எங்களுக்கு விளங்கிவிட்டது.

விளங்காத ஒருவர் மெனேஜர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஐந்து திரை வாங்கியவர், மிஷினை இயக்கும் மென்பொருளுக்கு மூன்று பேருக்கான லைசன்ஸ்தான் வாங்கியிருந்தார். ஒரே நேரத்தில் மூன்று காம்பராவுக்கு மேல் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். "மிஷின் நம்மளோடது, உள்ள இருக்கிறதும் நம்மளோடதுதானே மிஸ்?" என்று கேட்டார். "லயத்துல குடியிருக்கோம் சார். லயம் நம்மளோடதா? இருக்கிறதுக்கு அனுமதி, அவ்வளவுதான். அதே மாதிரிதான் இதுவும்" என்றார் ஸ்டெல்லா மிஸ்.

இன்னொரு தொல்லை கரண்ட். நம் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தால் பெரிய மிஷின் எழும்பும், காம்பராக்கள் எழும்பா. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு இடம், இந்த வேலை என்று கையால் தட்டித் தட்டித் திறக்க வேண்டும். மிஸ் லீவில் போனால் காரியாலயமே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அதற்கு அவர் ஒரு வழி செய்தார். மிஷின் எழும்பியதும் தானாகவே படித்து, காம்பராக்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்படி கட்டளைகளை எழுதி உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று வேலை பிரிப்பார்களே, அதே பெரட்டு. காம்பராக்களுக்கு அவர் நம்பர் போடவில்லை. தன் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த பெண்களின் பெயர்களைப் போட்டார். மீனாச்சி, ராக்காயி, அந்தோணியம்மா, செல்லாயி, பாக்கியம். திரையில் அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வரும். மூன்று பெயர்கள் எழும்பி வேலை செய்யும்போது மற்ற இரண்டு திரைகளிலும், கொஞ்சம் இருங்க, என்று இருக்கும். ஒருத்தி வேலையை முடித்துக் காம்பராவை மூடியதும் அடுத்தவள் தானாக எழும்புவாள்.

இந்த நேரத்தில்தான் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. ஹட்டனில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடவில்லையென்றால் கண்டிக்கு எடுத்துப்போய்விடுவார்கள். மிஷின் போனால் அதைப் பார்த்துக்கொள்ள ஸ்டெல்லா மிஸ்ஸுக்குக் கொடுத்த பதவியும் போகும். ஐந்து திரையும் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்று மெனேஜர் துடித்தார். யாரிடமோ சொல்லி, லைசன்ஸ் எண்ணிக்கையைப் பார்க்காத ஒரு களவு டிஸ்க்கை வரவழைத்தார்.

"மிஸ், இதப் போடுங்க. இப்ப எல்லா எடத்துலயும் இதான் ஓடுது."

"போட மாட்டேன் சார்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல சார்."

"வேல போனா என்னம்மா செய்வீங்க?"

"கொழுந்தெடுப்பேன் சார். எங்கம்மா கத்துக்குடுத்திருக்காங்க."

மெனேஜர் டிஸ்க்கை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார். தேத்தண்ணி குடிக்கும்போது, "ஒரு நாளைக்குத்தானே, போட்டுத் தொலைச்சா என்ன?" என்று கேட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பாவுக்கு ரொம்ப காலம் பிரஜாவுரிமை கெடைக்கல. களவா பத்திரம் செஞ்சு தர்றேன்னு ஒருத்தன் லயத்துக்கே வந்தான். எங்கப்பா அவன வாசல்லயே நிப்பாட்டி, 'நான் பொறந்த எடத்துல நான் எதுக்குய்யா களவா இருக்கணும்?'னு கேட்டாரு. நம்மள களவா வந்த கள்ளத்தோணின்னு சொன்னதெல்லாம் போதும் தியாகு. நம்ம கை வச்ச மிஷினையும் யாரும் அப்பிடிச் சொல்லக்கூடாது."

கொழும்புப் பெரியவர் வந்தார். மெனேஜர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், கேக் கொடுத்தார், மறுபடியும் தேத்தண்ணி கொடுத்தார். திரைப் பக்கம் மட்டும் கூட்டிப்போகவில்லை. பெரியவராகவே எழும்பி வந்து நின்ற நேரம் பார்த்து வானம் இடித்தது. கரண்ட் போய்விட்டது. மெனேஜரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்டெல்லா மிஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். கரண்ட் வந்தது. ஒருவரும் எதையும் தொடவில்லை. மீனாச்சி எழும்பினாள். ராக்காயி எழும்பினாள். அந்தோணியம்மா எழும்பினாள். விட்ட இடத்திலிருந்து கொழுந்து நிறைக் கணக்கு ஓடத் தொடங்கியது.

"யார் இதைத் தொடக்கிவிட்டது?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார். அதுவே பெரட்டு வைத்துக்கொள்ளும் என்று மிஸ் சிங்களத்திலேயே சொன்னார். ஐந்து திரை இருக்கிறதே, ஐந்துக்கும் லைசன்ஸ் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. மெனேஜருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. மூன்றுக்குத்தான் உண்டு, மூன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் எழும்பாது, ஆனால் யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை என்றார் மிஸ். பெரியவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மீனாச்சி வேலையை முடித்துப் போய் செல்லாயி எழும்பும்வரை பார்த்தார். பாக்கியம் எழும்பும்வரையும் பார்த்தார். அந்தப் பெயர்கள் யாருடையவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மிஷின் ஹட்டனிலேயே இருக்கட்டும், இன்னும் இரண்டு பேருக்கான லைசன்ஸ் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் மெனேஜர், "நம்ம மிஸ் யாரு!" என்று காரியாலயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். டிஸ்க் குப்பைக்குப் போனது.

லைசன்ஸ் வந்த அன்றுதான் ஸ்டெல்லா மிஸ் எனக்கு ஒன்று சொன்னார். பாக்கியம் என்பது அவருடைய அம்மாவின் பெயர். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடிப்போனதில் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது என்று ஒரு நாள் அம்மாவை வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் குழந்தை இவர்தான். "இன்னைக்கு அஞ்சு பேரும் ஒண்ணா எழும்புவாங்க, பாருங்க" என்று சுவிட்சைப் போட்டார். ஐந்து பெயரும் வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் பெயரைக் காணோமே என்று கேலியாகக் கேட்டேன். "பேர் கூப்பிடுற ஆளுக்கு எதுக்குங்க பேரு?" என்றார்.

ராகலையில் அவரைப் புதைத்த அன்றும் மழைதான். அவர் சேலைக்குக் கஞ்சி போட்டிருந்தாள் ரீட்டா. அந்த மிஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவருடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்த வரிசை மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. குழியருகில் நின்று அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மீனாச்சி, ராக்காயி, அந்தோணியம்மா, செல்லாயி, பாக்கியம். பிறகு, ஸ்டெல்லா என்று ஆறாவது பெயரை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இதற்கு யாரிடமும் லைசன்ஸ் கேட்கத் தேவையில்லை.