பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகி அக்கா

தேவகி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி நான் வார்டில் வேலையில் இருந்தபோது வந்தது. மாவ்பி ஊரிலிருந்து அவருடைய தம்பி போனில் பேசினார். "அக்கா காலையில போயிட்டாங்கம்மா." சுற்றிலும் மற்ற நர்ஸ்கள் பர்மிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஒரு வார்த்தை சொல்லி அழ எனக்கு அங்கே யாரும் இல்லை. கையிலிருந்த மருந்தை ஏற்றி முடித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பர்மாவில், எங்கள் யாங்கூன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வந்த இளம்பிள்ளைகளுக்கு மனத்தைரியம் கொடுக்கும் ஆலோசகர் அவர். எதிரே நாற்காலி போட்டு, "மனசுல இருக்கிறதைச் சொல்லு" என்று கேட்கத்தான் அவருக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். நம் பிள்ளைகளா வாய் திறப்பார்கள்? பெரியவர்கள் எதிரே இருந்தாலே தலையைக் குனிந்துகொள்வார்கள். அக்கா நாற்காலியை ஓரங்கட்டினார். படுக்கையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் பூசும் தனாக்காக் கட்டையைக் கல்லில் அரைத்தபடி பேச ஆரம்பித்தார். "ஆஸ்பத்திரியில கடை போட்டுட்டீங்களாக்கா?" என்று கேலி செய்வேன். "வா, உனக்கும் பூசிவிடுறேன்" என்பார்.

லைங் தாயா பகுதியில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்த மீனாவுக்குக் காலில் புற்று. பத்தொன்பது வயது. நோயின் பெயரையே அவளிடம் சொல்லவில்லை. எப்போதும் பர்மிய மொழியே பேசும் மகளுக்குத் தமிழ் புரியாது என்று நம்பி, பெற்றோர் அவள் தலைமாட்டிலேயே எல்லாவற்றையும் தமிழில் பேசினார்கள். "காலை எடுக்கணுமாம். பாப்பாவுக்குத் தெரிய வேணாம்" என்று அப்பா சொன்னபோது, மீனா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அதைக் கவனித்தவர் அக்கா ஒருவர்தான்.

மறுநாள் தனாக்கா அரைத்தபடி, பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு எல்லாம் தெரியும், இல்லையா?"

"நான் அழுதா அப்பா தாங்க மாட்டார், ஆன்ட்டி" என்றாள் மீனா.

அவளுடைய சம்மதம் வாங்கிக்கொண்டுதான் அக்கா பெற்றோரிடம் போனார். "அண்ணே, பாப்பாவுக்குத் தமிழ் நல்லாப் புரியும். உங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருக்கா. இத்தனை பேரு சுத்தியிருந்தும் அவ தனியாத்தான் கிடக்கிறா." அந்த அப்பா மகளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது வார்டுக்கே கேட்டது. மீனாவும் அழுதாள். அறுவைக்குப் போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

இறுதிச் சடங்குக்கு மாவ்பிக்குப் போன பிறகே எனக்கு மற்றது தெரிந்தது. அக்காவுக்கே புற்றுநோயாம். எங்களிடம், "தம்பி வீட்டுல கொஞ்சம் ஓய்வா இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்திருக்கிறார். போனில் மட்டும் குரலைச் சரிசெய்துகொண்டு சிரித்துப் பேசினார். "நீங்க அழுவீங்க, அதைத் தாங்க முடியாதுன்னாங்க" என்றார் தம்பி. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அக்காவும் அப்படியா? அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

எடுக்கப் போகிறோம், முகம் பார்க்கிறவர்கள் பாருங்கள் என்றார்கள். குனிந்து அவர் காதருகே விடை சொன்னேன்.

"போயிட்டு வாங்கக்கா. ஆனா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. அழாதேன்னா அழுதிருக்க மாட்டேன். தெரியாத மாதிரியே பக்கத்துல உக்காந்திருப்பேனே."