செவப்பியின் தலைச்சன் கன்றும் அப்பாவின் சீனி உருண்டைகளும்

சாணமும் தவிடும் மணக்கிற கொட்டகையில் திடீரென்று சாராய வாடை அடித்தால், எங்கள் வீட்டில் ஏதோ ஒரு பசு கன்று போடப்போகிறது என்று பொருள். வாடை வருவது அப்பாவின் ஹோமியோபதிக் குப்பிகளிலிருந்து. கடுகைவிடச் சற்றே பெரிதான அந்த வெள்ளை உருண்டைகளை அவர் "மருந்து" என்றார். அம்மா கடைசிவரை "சீனி உருண்டை" என்றே சொன்னார்.

எழுபதுகளில் மலேசியாவின் கிள்ளானில், ரயில் பாதையை ஒட்டிய வரிசையில் எங்கள் வீடு இருந்தது. அப்பா துறைமுகத்தில் "கிராணி", அதாவது எழுத்தர். பின்கட்டில் சில பசுக்கள். கறந்து அக்கம்பக்கத்தில் பால் ஊற்றுவது அம்மா, கொட்டகை கழுவுவது மகளான நான், வைத்தியம் அப்பா. இந்தக் கடைசி வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. முன்பொரு பசு, கன்று போட்ட கையோடு, ஊசி போட்டும் பிழைக்காமல் அவர் மடியில் தலைசாய்த்துச் செத்துப்போனதிலிருந்து அவருக்கு ஊசி என்றாலே ஆகாது. நண்பர் ஒருவர் தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் குப்பிகள் அடங்கிய பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போக, அப்பா மாட்டு வைத்தியராகிவிட்டார்.

எங்கள் பசு செவப்பிக்குத் தலைச்சன் ஈற்று நெருங்கியது. மாட்டின் குணம் தெரியாமல் மருந்து தரக்கூடாது என்று புத்தகம் சொல்கிறதாம். அதனால் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விசாரணை தொடங்கும்.

"செவப்பி சட்டுனு கண்ணு கலங்குற டைப்பா? தட்டிக் குடுத்தா சமாதானமாவுதா? வெளிக்காத்து புடிக்குதா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "மாட்டு மனசு என்னான்னு இத்தன கேள்வி கேக்குறீங்களே, எம் மனசு என்னான்னு என்னைக்காச்சும் கேட்டிருக்கீங்களா?"

அப்பா அதையும் யோசித்து, பக்கத்தைப் புரட்டினார். "செவப்பிக்கு பல்சட்டில்லாதான். ஒனக்கு அது சரிப்படாது, ஒனக்கு வேற மருந்து."

ஒரு சனிக்கிழமை காலையில் செவப்பிக்குத் தண்ணீர்க் குடம் உடைந்தது. சிறிது நேரத்தில் ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. அப்பா உருண்டைகளைத் தண்ணீரில் கரைத்து, கிச்சாப், அதாவது சோயா சாஸ், போத்தலில் ஊற்றி, செவப்பியின் வாயைப் பிளந்து புகட்டினார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும், மறுபடியும். வெயில் ஏறியது. பசு படுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி முக்கியது. அப்போதும் அந்த ஒரே குளம்புதான்.

"ஒத்தக் காலுதாங்க தெரியுது. கவர்மெண்டு டாக்டர கூப்புடுங்க."

"வலி இப்பத்தான் நல்லா வருது. ஊசியப் போட்டா மருந்து முறிஞ்சிரும். சும்மா இரு லா."

அம்மா சும்மா இருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சீனர் மளிகைக்கடைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அதுவரை தொலைபேசியைத் தொட்டே அறியாதவர், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து, "லெம்பு சாக்கிட்! சப்பாட் டாத்தாங்!" என்று தமக்குத் தெரிந்த மலாயில் கத்தினார். மாட்டுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று அர்த்தம். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தவர் இளவயது மலாய்க்காரர். சோப்புப் போட்டுக் கழுவிய கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கன்றின் இன்னொரு முன்னங்கால் மடங்கிப் பின்னால் போயிருந்தது. கன்றை உள்ளே தள்ளி, காலை நிமிர்த்தி, இரண்டு கால்களிலும் கயிறு கட்டினார். பசு முக்கும்போதெல்லாம் அவரும் அம்மாவும் சேர்ந்து இழுத்தார்கள். அப்பா செவப்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கன்று வழுக்கி விழுந்தது; அசையவில்லை. அம்மா விரலை விட்டு மூக்குச் சளியை வழித்தெடுத்து, சாக்கால் பரபரவென்று தேய்த்தார். அது தும்மியது. அப்பா அழுதுவிட்டார். அத்தோடு ஊசிக் கோபமெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

டாக்டரின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள், வேலியில் நின்ற பக்கத்து வீட்டு அங்கிளிடம் அப்பா சொன்னார்: "மருந்து நல்லா இளக்கி வெச்சிருந்துச்சு அண்ணே. அதான் டாக்டர் கை சுலபமா உள்ள போயிருச்சு."

அம்மா அவரையே பார்த்தார். பிறகு ரத்தமும் சளியுமாக இருந்த கையோடு உள்ளே போய், கதவைத் தாழிட்டுக்கொண்டார். அன்று எங்கள் வீட்டில் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? கன்று பிழைத்தால் உருண்டை, செத்தால் ஊசி. இதை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஈற்றுக்கும் அப்பா போத்தலை எடுப்பார், அம்மா கடைக்கு நடப்பார், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

எண்பதுகளில் நகராண்மைக்காரர்கள் வீடுகளில் மாடு வைக்கக்கூடாது என்றார்கள். பசுக்களை லோரியில் ஏற்றி கேரி தீவுப் பக்கம் அனுப்பிவிட்டோம். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் தரை ஓடு விற்கிற கடை இருக்கிறது. சென்ற மாதம் அதன் முன்னால் காரை நிறுத்தி, கொட்டகை எங்கே இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். கடைப் பையன் வெளியே வந்தான்.

"இங்க முன்னாடி மாட்டுக் கொட்டகை இருந்துச்சு, தெரியுமாப்பா?"

"தெரியாதுக்கா," என்றான். "கார கொஞ்சம் எடுக்குறீங்களா? லோரி வரணும்."