பம்பரத்துக்கு ஒரு ஜோடி ஷூ

பஸ் டிப்போவில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டதும் மற்ற ஓட்டுநர்கள் டீயோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவள் டீயைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸைச் சுற்றி நடப்பாள், டயரைத் தட்டிப் பார்ப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், மறுபடி ஒரு சுற்று வருவாள். சும்மா உட்கார்ந்தால் அவளுக்கு உடம்பு ஒப்பாது. ஸ்டியரிங் முன்னால் உட்காருவது மட்டும் வேறு சங்கதி. அங்கே கை, கால், கண் எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது.

அந்த ஸ்டியரிங்கை அவளிடமிருந்து பிடுங்கியது இடது முழங்கால். வருஷக்கணக்கில் கிளட்சை மிதித்துத் தேய்ந்துபோன மூட்டில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பியவளை டிப்போக்காரர்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்தார்கள். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று திரையைப் பார்த்து மைக்கில் சொல்லும் வேலை. சக்கரம் வைத்த நாற்காலி. அவள் அந்த நாற்காலியிலேயே அறைக்குள் ஒரு ரூட் போட்டுக்கொண்டாள்: ஜன்னலிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். பக்கத்து மேஜைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஒரு நம்பர் பிளேட் மாட்டிடலாம் போலிருக்கே" என்றார்.

மறுபடி பஸ் ஓட்டவேண்டுமானால் டிப்போ டாக்டர் முழங்காலைச் சோதித்துச் சம்மதிக்கவேண்டும். அதற்குத் தொடையில் பலம் ஏறவேண்டும். "சைக்கிள் மிதிங்க, நல்லது. ஆனா நிதானமா" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். முதல் பாதிதான் அவள் காதில் விழுந்தது.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். ஒரு திருகாணியை முடுக்கவே மூன்று முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள். அவர்தான் தேடிப் பிடித்து, ஒருவர் ஓட்டிக் கழித்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கித் தந்தார். தெருவில் நாலு சுற்று மிதித்ததும் அவளுக்குச் சலித்துவிட்டது. குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு மலைப்பாதை ஏறியது. வேரும் கல்லும் பள்ளமுமாக, காட்டுக்குள் நுழைந்து முகட்டுக்குப் போகிற பாதை. அடுத்த வாரமே அவள் அங்கே இருந்தாள்.

அங்கேதான், சைக்கிள் ஓட்ட வரும் ஒரு நர்ஸ் பழக்கமானாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை, இவளைவிடப் பத்து வயது சின்னவள். சைக்கிளில் ஏறிவிட்டால் அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. பள்ளங்களில் குதிக்கும்போதெல்லாம் இவள் கால் பெடலை விட்டு நழுவுவதையும், பெடல் முள் கணைக்கால் எலும்பைக் கீறுவதையும் அவள் கவனித்தாள்.

"அக்கா, லாக் பெடல் போட்டுக்கோங்க. ஷூவுக்கு அடியில சின்னதா ஒரு இரும்புத் துண்டு இருக்கும். பெடல்ல அழுத்தினா டக்குனு மாட்டிக்கும். இறங்கணும்னா குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்க, விட்டுடும். ஆனா ஷூவைப் பாத்து வாங்குங்க."

இதிலும் முதல் பாதிதான் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே கடை மூடும் நேரத்துக்குப் போய் நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு ஜோடி இருந்தது. பந்தய ஷூ. அடிப்பாகம் பலகை மாதிரி வளையாமல் இருந்தது, முன்பக்கம் மீன் மூக்கு மாதிரி ஒடுங்கியிருந்தது. போட்டுப் பார்த்ததும் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. "போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு, லாக் பெடலையும் சேர்த்து எடுத்து வந்தாள்.

ஷூ விட்டுக்கொடுக்கவில்லை. முதல் வாரமே சிக்னலில் அவள் மானம் போனது. சிவப்பு விளக்குக்கு பிரேக் பிடித்தாள். காலைத் திருப்பவேண்டும் என்பது மறந்துபோய், மேலே இழுத்தாள். கால் வரவில்லை. சைக்கிளும் அவளும் சேர்ந்து, வெட்டிய மரம் மாதிரி, மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தார்கள். பின்னால் நின்றது அவள் பழைய ரூட் பஸ். ஓட்டியவர் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்ன பம்பரம், சுத்தி முடிஞ்சுதா?" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவள் படுத்தபடியே பெடலிலிருந்து காலைத் திருகிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்து, மறுபடி சிவப்பு விழுந்தது.

அடுத்த ஜோடியை இணையத்தில் பார்த்து வாங்கினாள். முதலாவது இறுக்கிப் பிடித்ததால் இதை ஓர் அளவு பெரிதாக வரவழைத்தாள். துணி மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அடிப்பாகம் பெடல்மேல் வளைந்து, உள்ளங்காலில் ஒரே இடம் நெருப்பாக எரிந்தது. ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் ஷூவை விட்டு எழும்பியது. இரும்புத் துண்டைப் பொருத்தியபோது கோணம் பார்க்கவில்லை; கண் மதிப்பில் திருகி முடுக்கியிருந்தாள். இரண்டு வாரத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் குத்த ஆரம்பித்தது. மலைப்பாதையில் குறுக்கிடும் ஓடையில் இரண்டு முறை நனைந்ததும் ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்துகொண்டது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போது கணவர் அந்தப் பிளந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடைக்கு வர்றவங்க சில பேர் இப்படித்தான். ஃப்ரேம் நல்லாருக்கான்னு மட்டும் பாப்பாங்க. பவர் என்னன்னு கேட்டா கோவம் வரும்."

"எனக்குக் கோவம் வரல."

"தட்டை ஏன் இப்படி டொம்முனு வைக்கற?"

"நான் சீக்கிரம் தேறி வண்டி எடுக்கணும்ங்க. உங்கள மாதிரி ஊதி ஊதிப் பாத்துட்டிருந்தா எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்."

அவர் ஷூவைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவள் நின்றபடியே சாப்பிட்டாள்.

டிப்போ டாக்டரைப் பார்க்கவேண்டிய நாள் நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. நர்ஸ் போனில், "இன்னிக்கு வேண்டாம்க்கா, பாறையெல்லாம் வழுக்கும்" என்றாள். "மழையா இது? முகட்டைத் தொட்டுட்டு உடனே திரும்பிடலாம், வா" என்று இவள்தான் விடாமல் இழுத்தாள். துணி ஷூ கிழிந்துபோனதால் பழைய வெள்ளை ஷூவையே மாட்டிக்கொண்டாள்.

முகட்டைத் தொட்டுவிட்டார்கள். இறங்கும்போது, ஓடைக்கு மேலிருந்த சாய்வுப் பாறையில் நர்ஸின் பின்சக்கரம் வழுக்கியது. அவள் கால் பெடலிலிருந்து விடுபட்டது என்னவோ சரிதான்; ஆனால் ஊன்றிய கால் இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டி முறுக்கிக்கொண்டது. அவள் கத்தவில்லை. முகம் வெளுத்து, "அக்கா, சத்தம் கேட்டுச்சு. எலும்பு" என்று மட்டும் சொன்னாள்.

போனில் சிக்னல் இல்லை. இவள் தன் மழைச் சட்டையைக் கழற்றி நர்ஸுக்குப் போர்த்திவிட்டு, உதவிக்கு ஆள் தேடிக் கிளம்பினாள். அந்தச் சரிவில் சைக்கிள் ஓட்டமுடியாது, இறங்கித்தான் நடக்கவேண்டும். அப்போதுதான் அந்த வெள்ளை ஷூ என்ன சாமான் என்று தெரிந்தது. வளையாத அடிப்பாகம் ஈரப் பாறையில் பீங்கான் தட்டு மாதிரி வழுக்கியது. இரும்புத் துண்டு கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு முறை விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். இரண்டாம் முறை இடது முழங்கால் நேராகக் கல்லில் மோதியது. ஒரு நிமிஷம் அங்கேயே உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி ஷூவைத் திட்டினாள். பிறகு கழற்றிப் புதரில் எறிந்துவிட்டுக் காலுறையோடு நடந்தாள். முள் ஏறியது, கல் குத்தியது, ஆனால் கால் நிலத்தைப் பிடித்தது. நாம்தானே அவளைக் கூட்டிவந்தோம் என்ற நினைப்பு வழியெல்லாம் பின்னாலேயே வந்தது.

காட்டு ரோட்டுக்கு வந்து, வனக் காவலரின் ஜீப்பைக் குறுக்கே நின்று நிறுத்தினாள். நர்ஸைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மதியம் தாண்டிவிட்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இவளுடைய முழங்கால் பலாக்கொட்டை போட்ட பை மாதிரி வீங்கியிருந்தது.

அந்த வீக்கத்தோடேயே டிப்போ டாக்டரிடம் போவேன் என்று அவள் அடம்பிடித்தாள். கணவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"டிப்போவுக்கு. இன்னொரு தேதி கேட்டுட்டு வரேன். இந்தக் காலோட போய் நின்னா ஒரேயடியா முடியாதுன்னு எழுதிடுவாரு."

அவள் ஐஸ் பையைக் காலில் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்ததில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் நர்ஸைப் பார்க்கப் போனாள். மாவுக்கட்டைத் தலையணைமேல் வைத்தபடி நர்ஸ் சாய்ந்திருந்தாள். இவள் மேஜையிலிருந்த பழங்களை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"என்னாலதான்..."

"ஆமாக்கா, நீங்கதான் கூப்பிட்டீங்க. நான் வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. அந்தப் பழத்தை விடுங்க." பிறகு இவள் பாதத்தைப் பார்த்து, "வெறுங்கால்லயா இறங்கினீங்க?" என்று கேட்டாள்.

"ம்."

"அடுத்த ஷூவை நடக்கறதுக்கும் சேத்து வாங்குங்க. மலைன்னா பாதி நேரம் நடைதான்."

இந்த முறை முழுசாகக் காதில் விழுந்தது. வேலை முடிந்து, பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனாள். மலைக்குப் போட்டுப் போகும் தடித்த காலுறையைப் பையில் எடுத்துப் போனாள். கடைக்காரப் பெண் இரண்டு பாதத்தையும் அளந்தாள். இடது கால் வலதைவிடப் பெரிதாக இருந்தது. பெரிய காலுக்குப் பொருந்துவதைத்தான் எடுப்பேன் என்று இவள் சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு ஜோடியாக மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி வந்தாள். மாடிப்படி ஏறி இறங்கினாள். நுனிக்காலில் நின்றாள். படியின் ஓரத்தில் உள்ளங்காலை வைத்து முழு எடையையும் போட்டு, நடுப்பகுதி வளைகிறதா என்று பார்த்தாள். நடு விறைப்பாக இருக்கவேண்டும், விரல் பக்கம் மட்டும் மடங்கவேண்டும். சிலதில் குதிகால் எழும்பியது, சிலதில் சுண்டு விரல் நசுங்கியது, ஒன்றில் இரும்புத் துண்டு வெளியே துருத்திக்கொண்டு தரையில் டக் டக்கென்று அடித்தது.

"மேடம், இன்னும் எவ்வளவு நேரம் நடப்பீங்க?" கடைக்காரப் பெண் கொட்டாவியை அடக்கினாள்.

"மூடற நேரம் சொல்லுங்க, அதுவரைக்கும்."

கடைசியில் சேற்று நிறத்தில் ஒன்று கிடைத்தது. கட்டடவேலைக்காரர் போடுகிற பூட்ஸுக்குத் தம்பி மாதிரி, பார்க்கச் சகிக்காது. ஆனால் விரல்களுக்கு இடம் இருந்தது, குதிகாலைக் கவ்விப் பிடித்தது. அடியில் கெட்டி ரப்பர் பல்பல்லாக இருந்தது. இரும்புத் துண்டு அந்தப் பல்லுக்குள் பதுங்கி உட்கார்ந்தது. முன்பக்கம் கல் மோதினாலும் தாங்குகிற தடித்த உறை, ஒட்டியதோடு விடாமல் தையலும் போட்டிருந்தது. உள்ளே விரலை விட்டுத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள்.

வீட்டில் கணவரிடமே ஷூவை நீட்டினாள். "கோணம் பாத்துப் பொருத்திக் குடுங்க." அவர் அவளை மேஜைமேல் உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லி, பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்தார். இரும்புத் துண்டைக் கொஞ்சம் குதிகால் பக்கமாகத் தள்ளி, இடது பாதம் இயல்பாகத் திரும்பும் கோணத்திலேயே முடுக்கினார். சீக்கிரம் விடும்படி பெடலின் ஸ்பிரிங்கையும் தளர்த்தினார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வண்டி நிறுத்தும் இடத்தில் அவர் தூண் மாதிரி நிற்க, அவர் தோளைப் பிடித்தபடி மாட்டினாள், விட்டாள், மாட்டினாள், விட்டாள்.

"தோள்பட்டை இறங்கிடும்போல இருக்கு."

"நிதானம் நிதானம்னு சொன்னது யாரு? நில்லுங்க."

முழங்கால் குத்தல் அடங்கியது. புதுத் தேதியில் டிப்போ டாக்டர் அவளை உட்கார்ந்து எழச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கடைசியில் பாதி நாள் வண்டிக்கு மட்டும் சம்மதித்தார். பாதி நாள் ஸ்டியரிங், பாதி நாள் கட்டுப்பாட்டு அறை. முதல் நாள் பழைய ரூட்டை எடுத்தபோது அவள் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதே வாரத்தில், நெரிசலில் நிற்கும்போதெல்லாம், தன் பார்வை சாலையை விட்டு மலைப்பக்கம் ஓடுவதைக் கண்டுபிடித்தாள். இத்தனை நாள் எதற்காகத் தவித்தோமோ அது கைக்கு வந்தபிறகும் கால் அரிப்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

நர்ஸ் மாவுக்கட்டு பிரித்தபிறகும் சைக்கிள் பக்கம் வரவில்லை. மாதங்கள் போயின. ஒரு விடுமுறைக் காலையில், கைத்தடியோடு தண்ணீர்த் தொட்டிக்கு வந்து நின்றாள். "ஓடை வரைக்கும் நடந்து பாக்கறேன். நீங்க ஓட்டிட்டுப் போங்கக்கா. உங்களாலெல்லாம் மெதுவா வர முடியாது."

சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்ற இவள் மற்ற காலின் குதிகாலைத் திருப்பினாள். கால் சுலபமாக விடுபட்டது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். நர்ஸ் ஒவ்வொரு கல்லாகத் தடியால் தொட்டுப் பார்த்து, யோசித்து, காலை வைத்தாள். இவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பரபரத்தது. பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. அடுத்த திருப்பம் வரை விறுவிறுவென்று போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"வந்துட்டியா?" என்று திருப்பத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"நான் எங்க வர்றது?" என்றாள் நர்ஸ், தடியை அடுத்த கல்லில் ஊன்றியபடி. "எனக்கும் சேத்து நீங்களே நாலு தடவை வந்துட்டீங்க."