பன்னிரண்டாவது சீடர்

பெரிய வியாழனன்று எங்கள் கல்வராயன் மலையடிவாரக் கோயிலில், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நினைவாகப் பங்குத்தந்தை பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். ஆசிரியன் என்பதால் நானும் ஒரு சீடன். ஒரு வருடம், எல்லோரையும் போல வீட்டிலேயே வாசனை சோப்பில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தேன்.

பன்னிரண்டாவது நாற்காலியில் மரவள்ளி பிடுங்கும் கூலிக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். வெடித்த குதிகால், முழங்கால் வரை செம்மண். கூச்சத்தில் ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“எழுந்து போய்யா. கால கழுவிக்கினு வரக்கூடாதா?” என்று அதட்டினேன்.

“நானே கழுவிக்கினு வந்தா சாமியாரு இன்னாத்த கழுவுவாரு சார்?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவர் எழவில்லை.

அவர் காலடித் தட்டில் தண்ணீர் சிவந்தது. என் தட்டில் ஊற்றியபடியே தெளிவாகக் கிடந்தது.

அவரை விரட்டப் பார்த்தவன் நான். அதன்பின் எல்லாப் பெரிய வியாழனுக்கும் புழுதிக் காலோடுதான் போகிறேன். அவருக்கு நன்றி சொல்ல வேறு வழி தெரியவில்லை.