கண் சிமிட்டிய திருஷ்டி பொம்மை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆவணி மாதம் அது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே எங்கள் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில்.

கட்டுகிற வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை மாட்ட வேண்டுமே! கடையில் விற்கும் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்? பழைய செய்தித்தாளைக் கூழாக்கி, கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக ஒரு பூத முகம் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணுக்குச் சிவப்பு எல்இடி வைக்க ஆசை வந்துவிட்டது.

முதல் பல்பை ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்துப் புகைய விட்டேன். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ் என்பதெல்லாம் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. இரண்டு கண்ணையும் ஒரே ஒயரில் வரிசையாகக் கோத்தால், இரண்டு பென்சில் செல்லுக்கு அவை எரியவே இல்லை. போதுமடா சாமி என்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு செல், ஒரு ரெசிஸ்டர், தனி ஒயர் கொடுத்தேன். போர்டிகோவில், வாசல் நிலைக்கு மேலே மாட்டினேன். பகலில் எரிவது தெரியாது. பொழுது இறங்க இறங்கத்தான் கண் திறக்கும்.

கொத்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். சித்தாள் பெண் சிரிக்கவில்லை. கைக்குழந்தையோடு வேலைக்கு வருகிறவள் அவள். போர்டிகோவில் சேலையால் தொட்டில் கட்டி, அதில் ஒரு கயிற்றையும் கட்டி, வேலை செய்கிற இடத்திலிருந்தே இழுத்து ஆட்டிக்கொள்வாள்.

"கொழந்தயத் தூங்கப் போடற எடமுங்கக்கா. அதயப் பாத்தா எனக்கே பக்குங்குது" என்றாள்.

"உன்னைய ஒண்ணும் பண்ணாது, ஊர்க் கண்ணுக்குத்தான் அது" என்று கிண்டல் செய்துவிட்டு நகர்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை. அன்று வேலை மதியத்தோடு முடிந்துவிடும். சுவருக்குத் தண்ணீர் விடலாம் என்று, விளக்கு வைக்கும் நேரத்தில் நாத்தனாரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி இறங்கப் போனோம். இன்னும் கரண்ட் வராத வீடு. இருட்டில் அந்த இரண்டு சிவப்புக் கண்கள் மட்டும் தெரிந்தன. அப்போது அவை மூடின. திறந்தன. மறுபடி மூடின.

"ஏனுங்க அண்ணி, அது கண்ணச் சிமிட்டுதுங்க!"

"ஒயரு லூசா இருக்கும் புள்ள."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது சரியில்லை என்று பட்டது. ஒயர் லூசானால் ஒரு கண்தான் அணைய வேண்டும். இரண்டும் ஒன்றாக மூடி ஒன்றாகத் திறப்பதற்கு நான் செய்த பொம்மையில் எதுவுமே கிடையாது. அதுவும் அவ்வளவு நிதானமாக, தூங்குகிறவர் மூச்சு விடுவதைப் போல.

பேய் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பவள் நான். அன்று வண்டியைத் திருப்பிவிட்டேன். சாவியைத் திருகப் போகும்போது பாட்டு கேட்டது. தேய்ந்துபோன பெண் குரல். வீட்டுக்குள்ளிருந்து அல்ல, தரைக்கு அடியிலிருந்து.

"போயர்லாமுங்க அண்ணி" என்று நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டாள். நானும் கிளம்பத்தான் பார்த்தேன். ஆனால் அது தாலாட்டு. பேய் யாரைத் தூங்கவைக்கப் போகிறது என்று ஏதோ ஒரு முரட்டு எண்ணம் வந்தது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடும்போதெல்லாம் பூதத்தின் முகத்தை மறைத்து மறைத்து விலகியது. ஆட்டுவதற்கு ஆளே இல்லை. தொட்டிலில் கட்டிய கயிறு மட்டும் விறைத்துக்கொண்டு, பக்கத்தில் வாயைத் திறந்து கிடந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கியது. குழந்தை விழித்துக்கொண்டு, சேலை ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்க்க முயன்றது. ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

பாட்டு நின்றது. பள்ளத்திலிருந்து காற்றாகக் குரல் வந்தது.

"கொழந்தய எடுத்துட்டீங்களா? கயித்த உட்டுர்லாமுங்களா?"

எட்டிப் பார்த்தால், அந்தச் சித்தாள். எல்லாரும் போன பிறகு, சந்தைக்குப் போன புருஷன் திரும்பி வருவதற்குள் சம்ப்பைக் கூட்டிவிடலாம் என்று, தொட்டில் கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். ஏணிப் படி முறிந்து விழுந்ததில் கால் உடைந்துவிட்டது. தொண்டை கட்டும்வரை கத்தியும் யார் காதிலும் விழவில்லை. ஆட்டம் நின்று குழந்தை விழித்துப் புரண்டால் நேராக அந்தப் பள்ளத்தில்தான் விழும். அதனால் கயிற்றை விடவே இல்லை. உள்ளங்கை தோலுரிந்து கிடந்தது.

பக்கத்துக் காட்டு ஆட்களைக் கூப்பிட்டு அவளை மேலே தூக்கினோம். ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள்: "இருட்டுல தொட்டலு தெரியலீங்கக்கா. அந்தக் கண்ணு ரெண்டும் மறஞ்சு மறஞ்சு வந்தாத்தான் ஆடுதுன்னு தெரியும். அதயவே பாத்துக்கிட்டுக் கெடந்தனுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்த பொம்மைதான் அவளுக்கு அன்று துணை.

கால் சேர்ந்துவிட்டது, குழந்தை இப்போது ஓடுகிறது. குடிவந்த பிறகும் பொம்மையை நான் கழற்றவில்லை. கண் மங்கினால் செல் மாற்றிவிடுகிறேன். இன்றும் இருட்டில் எதையாவது கண்டு பயந்தால் திரும்பி ஓடத்தான் தோன்றுகிறது. ஆனால் யாரோ ஒருத்தி கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாளோ என்று, ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.