தோவாளைச் சந்தையில் சத்தத்துக்கு எத்தனை பெயர்

காலை ஐந்தரை மணிக்கு வடசேரியில் நகரப் பேருந்து ஏறினேன். தோவாளைக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பையில் மடிக்கணினி, சத்தத்தை அளக்கும் ஒலிமானி, மாற்று பேட்டரிகள். காது கேட்கும் கருவிகளைப் பொருத்திச் சரிசெய்வது என் வேலை. வழக்கமாக மதுரையில் எங்கள் அறைக்குத்தான் ஆட்கள் வருவார்கள். செல்வத்தங்கம் அக்காவுக்காக நான் முந்தின இரவே கிளம்பி வந்தேன்.

பூச்சந்தையில் பல வருடங்களாகக் கடை வைத்திருப்பவர் அவர். போன மாதம் எங்களிடம் வாங்கிய கருவியைச் சில நாளிலேயே கழற்றி வைத்துவிட்டார். நான் வந்ததற்கு மறுநாள் அத்தம், ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாள்; பூக்களத்துக்குப் பூ வாங்கக் கேரள வியாபாரிகள் குவிவார்கள். அதற்குள் காது கேட்காவிட்டால் கடை அவருடைய தம்பி மணியின் கைக்குப் போய்விடும்.

ஆறு மணிக்குச் சந்தைக்குள் நுழைந்தேன். பிச்சி, அரளி, கேந்தி, சம்பங்கி எல்லாம் குவியல் குவியலாக. அதற்கு மேல் சத்தம்.

"மேடம், அக்காளுக்கு இது சரிப்படாது. வீட்ல இருக்கட்டும், கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மணி.

அக்காவின் காதருகே குனிந்து அதைச் சொன்னேன்.

"பாத்துக்கிடுவான்! நேத்து வாடுன பூவ இண்ணைக்குப் பறிச்சதுன்னு வாங்கி வச்ச பய" என்றார். பிறகு என்னிடம், "அந்தச் சவத்த மாட்டினா காதுக்குள்ள இடி விழுது மக்கா."

மதுரையில் ஒரு தாளில் ஆறு கட்டங்கள் போட்டு, மெல்லிய ஒலி முதல் தாங்க முடியாத ஒலி வரை வரிசையாக எழுதியிருந்தோம். கடைத்தெருச் சத்தத்தைப் பதிவு செய்து படிப்படியாகக் கூட்டி, பொருந்தும் கட்டத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னோம். கூட்டக் கூட்ட அக்காவின் முகம் மலர்ந்தது. கடைசிக் கட்டத்தை அவர் தொடவே இல்லை. கூட்டம் இரைந்தால் வியாபாரிக்குக் கொண்டாட்டம்தானே! அதனால் கருவியின் உச்ச அளவு உயரத்திலேயே நின்றுவிட்டது.

இந்த முறை தாள் இல்லை. கருவியை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சத்தமாக அவரிடமே கேட்டேன்.

லாரி ஹாரன்? "அலறுது."

பிளாஸ்டிக் கூடைகளைத் தரையில் எறிவது? முகத்தைச் சுளித்து, "காது கிழியுது."

பக்கத்துக் கடைக்காரர் தொண்டை வெடிக்க விலை சொல்வது? "இதா? கூவுதாரு. ஆளு வந்திருக்கு."

கூடைக்கும் கூவலுக்கும் ஒலிமானி கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டியது. மதுரைத் தாளில் பேரொலி, பேரிரைச்சல் என்று நாங்கள் அளவை வைத்து அடுக்கியிருந்தோம். தமிழ் அப்படி அடுக்குவதில்லை. பிடிக்காத சத்தம் இரைச்சல், மகிழ்ந்தவர்கள் எழுப்பினால் ஆரவாரம், மேளத்துக்கு முழக்கம், துக்கத்துக்கு ஓலம். எவ்வளவு உரக்க என்பது இந்தச் சொற்களுக்கு இரண்டாம் பட்சம்.

மடிக்கணினியைப் பூக்கூடை மேல் வைத்தேன். திடீரென வெடிக்கும் ஒலிகளை அடக்கினேன், உச்ச அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், மனிதக் குரலை அப்படியே விட்டேன். மறுபடி கூடை விழுந்தது. அக்கா திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

எட்டு மணி இருக்கும். ஒரு கேரள வியாபாரி தூரத்திலிருந்தே கேந்திக்கு விலை கேட்டார். மணி பழக்கத்தில் அக்காவின் காதுக்குள் வாயை வைத்து, "கேந்தி வெல கேக்காரு!" என்று கத்தினார்.

"ஏலே, எதுக்குக் கெடந்து அலறுத? எனக்குக் கேட்டாச்சு."

மதுரையில் எங்கள் அறைச் சுவர்கள் சத்தத்தை விழுங்கிவிடும். அங்கே சோதித்த கருவியை அவரவர் வாழும் சத்தத்துக்குள் போய் மறுபடி சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே பையை மூடப் போனேன்.

வியாபாரி அருகில் வந்திருந்தார். பக்கத்துக் கடைக்குக் கேட்காதபடி அக்கா தணிந்த குரலில் விலை சொன்னார். வியாபாரி தலையசைத்தார். மணி கழுத்தை நீட்டினார்.

"என்னக்கா சொன்ன? கேக்கல."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "மக்கா, பைய மூடாத. இவனுக்கும் ஒண்ணு மாட்டணும்."