கஸ்பார் தண்டலின் பாய்ப் பந்தல்

கஸ்பார் தண்டலைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய தோணிப் பாயில்தான் ஆரம்பிக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் முப்பது வருஷம் தோணி ஓட்டிய மனுஷர். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். காற்றுகூடத் தன்னைக் கேட்டுத்தான் திரும்பும் என்று வாய்கூசாமல் சொல்லுவார். உலக யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் அந்த ராஜ்யம் முடிந்துபோனது. முதலாளி தோணியைக் கரையேற்றி, பலகை பலகையாகப் பிரித்து விறகுக்கடைக்குப் போட்டுவிட்டார். முன்பாயை மட்டும் கஸ்பார் கேட்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அந்தப் பாயைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வெயிலில் காயப்போட விடமாட்டார், துவைக்கவும் விடமாட்டார். பாசியும் மீனும் கலந்த அந்த வாடையில் கண்ணை மூடினால், மன்னார்க் கடலின் விடியற்காலமும், சமையல் பானை கொதிக்கிற சத்தமும், செத்துப்போன கூட்டாளிகளின் சிரிப்பும் திரும்பி வரும். போன காலத்துக்கு அவரிடம் மிச்சமிருந்த ஒரே வாசல் அதுதான்.

அவர் மனைவி பிரகாசிக்கு வேறொரு ராஜ்யம் இருந்தது. கொல்லையில் கத்தரி, வெண்டை, பந்தலில் புடலை, வேலியோரம் பாகல். வீட்டுக் கிணறு சவர்த்தண்ணீர், செடிக்கு ஆகாது. தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்து, அரிசி கழுவிய தண்ணீரையும் சிந்தாமல் ஊற்றி வளர்த்த செடிகள். ரேஷன் அரிசிக்குக் கறி என்று ஏதாவது வேண்டுமானால் அந்தக் கொல்லைதான் கொடுக்கவேண்டும்.

அடுத்த புரட்டாசியில் வெயில் கொளுத்தித் தள்ளியது. ஆடியில் ஊன்றிய செடிகள் பூவும் பிஞ்சுமாக நிற்கிற நேரம். ஓய வேண்டிய கச்சான் காற்று ஓயாமல், மேற்கேயிருந்து அனலை வாரி இறைத்தது. அந்த நேரம் பார்த்து, தருவைகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவம். பிரகாசி மூட்டையைக் கட்டினாள்.

“செடியக் காயவிட்டுராதிய. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“ஏளா, தோணியவே கரைசேத்தவன் நான். நாலு கத்தரிச்செடியக் காப்பாத்த மாட்டனா?”

சொன்னாரே தவிர, மறுநாள் உச்சிவெயிலில் செடிகள் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. நிழல் வேண்டும். பட்டாளத்துக் கொட்டகைகளுக்கு ஓலையெல்லாம் போய்விட்டதால் கடைத்தெருவில் ஒரு கட்டுகூட இல்லை. யோசித்தார். உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்தார். நாலு மூங்கிலை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டியபோது கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. காற்றில் பாய் புடைத்தது. கொல்லை கொழும்புக்குப் புறப்பட்டது போலிருந்தது அவருக்கு.

கடலில் காற்றுக் குறைந்தால் பாயை நனைத்து விடுவார்கள். இழை இறுகிக் காற்றைப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில், செடிக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பொழுதுசாயும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரைப் பாய்மேல் வீசினார். துளிகள் இலைமேல் சொட்டின. ஒரு துளி அவர் உதட்டில் விழுந்தது. நக்கிப் பார்த்தார், சந்தோஷமாக இருந்தது. என்ன ருசி என்று அந்த நாக்கு கேட்கவேயில்லை.

பிரகாசி திரும்பி வந்தபோது பாதிச் செடி போய்விட்டது. மிச்சத்தில் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. வெயில் பட்டால் இப்படிக் கருகாதே என்று ஒரு புடலை இலையைக் கிள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள். அண்ணாந்து பாயைப் பார்த்தாள்.

“உப்பு! முப்பது வருஷத்து உப்பையும் எஞ்செடி தலையில கொட்டிட்டியளே!”

அவள் திட்டியிருந்தால் தேவலை. கத்தரிப் பாத்தியில் உட்கார்ந்து அழுதாள்.

“நீங்க கடல்ல கெடந்த நாளெல்லாம் நான் யாருகூடப் பேசுனேன்னு நெனைக்கிய? இதுககூடத்தான். ஒரு சொல்லு எதுத்துச் சொன்னதில்ல.”

முப்பது வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. கேட்க வீட்டிலும் இருந்ததில்லை. மிஞ்சிய செடிகளுக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு அந்தப் பாய் ஒன்றுதான் உண்டு. உப்புப் போகத் துவைக்க வேண்டுமானால் குழாயடிக் குடங்கள் போதாது, ஆற்றுத்தண்ணீர் வேண்டும். துவைத்தால் வாடையும் போய்விடும். பொழுது சாய்ந்ததும் கஸ்பார் பாயை அவிழ்த்துச் சுருட்டி வாசலில் வைத்தார்.

விடிந்ததும் ஆத்தூர்ப் பக்கம் போகிற உப்பு வண்டியில் ஏறினார். வண்டிக்காரர் சங்கரலிங்கம் சும்மா இருப்பாரா?

“என்ன அண்ணாச்சி, வாய்க்காலுக்குத் தோணி விடப் போறியளா?”

கஸ்பார் பாயை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆற்றுத்தண்ணீர் ஓடுகிற ஆத்தூர் வாய்க்காலில் இடுப்பளவு ஆழத்தில் நின்று துவைத்தார். முக்கி, அடித்து, பிழிந்து, மறுபடியும் முக்கினார். ஒரு மூலையில் உள்ளங்கையளவு துணி குறைந்திருந்தது. எலி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டார். பிழிந்த தண்ணீரை ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு ருசியும் இல்லை. வெறும் ஆற்றுத்தண்ணீர். முகர்ந்து பார்த்தார், யார் வீட்டிலோ துவைத்த வேட்டி மாதிரி இருந்தது. கரையில் உட்கார்ந்து அழுதார். தோணியைப் பிரித்த அன்றைக்குக்கூட அழாதவர்.

பாய் மறுபடியும் பந்தலானது. பிரகாசி நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரிலிருந்த உப்பை இறக்கினாள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் ரெண்டு புடலையும் சில கத்தரியும் துளிர்த்தன. முதல் புடலங்காயைக் கூட்டு வைத்து அவர் இலையில் பரிமாறினாள். நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டார்.

கை கழுவி வந்தவர் முன்னால், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். உள்ளங்கையளவு பாய்த் துணி. விறைத்து, பழுப்பேறி, அதே வாடையோடு இருந்தது.

“நீங்க வாசல்ல வச்ச அன்னைக்கே கத்தரிச்சு எடுத்துட்டேன். செடிப் பக்கம் மட்டும் கொண்டுபோயிராதிய.”

கஸ்பார் அதை மூக்கில் வைத்தார். பிறகு சின்னப் பிள்ளை போல நாக்கில் வைத்தார்.

“எந்தக் கடலு?” என்று கேட்டாள் பிரகாசி.

“உக்காருளா, சொல்லுதேன்” என்றார்.